பச்சைச் சட்டை மாப்பிள்ளை

லிட்டில் இந்தியாவில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தவர், ரயில் பெட்டிக்கே கேட்கும்படி மனைவியிடம் சொன்னார்: "பையனுக்குப் பச்சையும் பிரவுனும் ஒண்ணாத் தெரியறதுக்கு நான் காரணமில்ல லா! டாக்டரே சொல்லிட்டாரு."

"உங்களுக்கும் அப்படித்தானே தெரியுது?"

"இருக்கட்டும். இது அப்பாகிட்டேருந்து பையனுக்கு வராதாம். அம்மாகிட்டேருந்துதான் வருமாம். பையன் பட்டாளத்துக்குப் போறதுக்கான என்எஸ் மெடிக்கல் முடிஞ்ச நாள்லேருந்து என்னைத்தானே திட்டுறே!"

"எனக்கு எல்லா கலரும் தெரியுதே?"

"உங்கப்பாவுக்கு இருந்திருக்கும். உனக்குள்ள ஒளிஞ்சிருந்து பையன்கிட்ட வந்துருச்சு."

மனைவி சற்று யோசித்தார். "அதான் நீங்க பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு, பிரவுன் சட்டையில நின்ன உங்களை அப்பா 'பச்சைச் சட்டைதான் மாப்பிள்ளை'ன்னு காட்டினாரா!"

"அது பச்சைச் சட்டைதானே?" என்றார் அவர், வெற்றிச் சிரிப்பு கொஞ்சமும் குறையாமல்.