தானா ஆன் ஆவோணும்

சேரெல்லாம் போடாதே. நான் உக்கார வரல. போன மாசம் நல்லா ஓடிட்டிருந்த லேப்டாப்புல அப்டேட் போட்டுக் கெடுத்தவன் நீதானே மணிமாறா?

கெடுக்கலையா? அப்பறம் அந்த செட்டிங் எங்க போச்சு? கரண்டு போயிட்டு வந்தா தானா ஆன் ஆவும். ஆன் பண்றப்ப உள்ள போயிப் பாக்கற பயாஸ்ல இருந்துச்சு, இப்பக் காணோம். கம்பெனிக்காரன் மறைச்சுட்டானா? மறைச்சத வெளிய எடு. என்னத்துக்குக் கடை வெச்சிருக்கறே?

பேட்டரியப் பத்திப் பேசாதே. உப்பிப் போச்சுன்னு கழட்டுனவனே நீதான், இந்த மாடலுக்கு வேற கெடைக்காதுன்னதும் நீதான்.

கோழிப்பண்ணை தம்பி இது. நாலு பக்கமும் அடைச்ச செட்டு. மருமவன் குமரன் எழுதிக்குடுத்த புரோகிராமு இதுலதான் ஓடுது. இது சொன்னாத்தான் ஃபேன் சுத்தும். கரண்டு போனா ஜெனரேட்டர் தானா ஓடுது, இந்தச் சனியன் செத்தாப்பல கெடக்குது. ஒருத்தன் ஓடிப்போயி பட்டனை அமுக்கோணும். சித்த அசந்தா அத்தனை கோழியும் வாயப் பொளந்து சாஞ்சுரும். மோகனூர் வெயில் உனக்கெங்க தெரியும்? ஏசிக்கடியில உக்காந்திருக்கறவன்.

யாரு அமுக்கறதா? நான்தான். கூலிக்கு வாரவங்க பொழுது உழுந்தா ஊட்டுக்குப் போயிருவாங்க. நீ அப்டேட் போட்ட நாள்ல இருந்து என்ற கட்டில் செட்டுக்குள்ளதான் கெடக்குது. கோழிப்பீ நாத்தத்துலயே சோறு திங்கறேன்.

குமரன் துபாய்ல இருக்கறான். போன்ல அவந்தான் சொன்னான், செட்டிங் அழியல, ஒளிஞ்சிருக்குது, சிப்பைப் படிச்சுத் திருத்தி எழுதுனா தெறந்துக்கும்னு. சிப்புல எழுதற மிசின் உன்றகிட்ட இருக்குதில்ல? இருக்குதல்ல? அப்பறம் என்ன முழிக்கறே?

புது லேப்டாப்பு வாங்கறதா? அதுல புரோகிராம நீ ஏத்துவியா? வாய மூடு.

தப்பாப் போனா மறுபடி ஆன் ஆவாதா? சரி, ஆவாட்டிப் போவுது. எழுதிக் குடுக்கோணுமா? கொண்டா, கையெழுத்துப் போடறேன்.

எத்தனை வாட்டிடா கேப்பே, பயந்தாங்கொள்ளி. நேத்து சேலத்துல டாக்டரும் இதையேதான் சொன்னாரு, தப்பாப் போனா எந்திரிக்க மாட்டீங்கன்னு. அங்கயும் போட்டுட்டுத்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை நெஞ்சைத் தெறக்கறாங்க. பொன்னாயியும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாரா, பொண்டாட்டி வராம இருப்பாளா? பட்டன் அமுக்க ஆளில்ல, அவ்வளவுதான்.

எதுக்குடா மறுபடியும் சேரை இழுக்கறே? உக்கார வரலைன்னு சொன்னனில்ல. ஸ்குரூவக் கழட்டு.