நான் மழை என்று சொன்ன படகு

பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா தயாளன் அவர்களே! கடையை அரை நாள் சாத்திவிட்டு இந்த ஜார்ஜ்டவுன் மண்டபத்துக்கு வந்திருக்கும் ஆயர் ஈத்தாம் வணிகப் பெருமக்களே! பெரியோர்களே! பிள்ளையை மடியில் தட்டிக்கொண்டே காது கொடுக்கும் தாய்மார்களே! கெலுகோர் மாணவச் செல்வங்களே! கடல் மீட்புக் குழுவின் கார்த்திகேசு கைகூப்பி வணங்குகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகள் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். மழை வந்தால் என்ன செய்வேன்? மழையை வடிகட்டும் திருகைத் திருப்புவேன். திரையில் மழை போட்ட புள்ளிகள் மறையும், திரை துலங்கும். திரை சுத்தமாக இருந்தால் வேலை சுத்தம் என்று மார்தட்டினேன். மடையன்! என்னைத்தான் சொல்கிறேன், முன்வரிசை அண்ணே, நீங்க பதறாதீங்க.

போன ஆண்டு எங்கள் கண்காணிப்புக் கூடத்துக்குப் புது ரேடார் வந்தது. கூடவே ஜெகதீஸ்வரி என்ற பொறியாளரும் வந்தார். பழைய ரேடார் எல்லாத் திசையையும் ஒரே சீராகச் சுற்றிப் பார்க்கும். செயற்கை நுண்ணறிவு பூட்டிய இதுவோ, கடலைக் கற்கும், காற்றைக் கற்கும், ஐயம் வந்த இடத்தில் தன் அலையைத் தானே மாற்றிக்கொண்டு மறுபடி பார்க்கும், மறுபடியும் பார்க்கும்! “இதெல்லாம் நமக்கு எதுக்கு லா?” என்று முணுமுணுத்தேன்.

அக்டோபரில் ஒரு பிற்பகல். கொட்டோ கொட்டென்று மழை. ஜுருவில் கார் பட்டறையில் வேலை செய்யும் சூசை, விடுமுறைக்கு மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. அவர் மனைவி அன்னமேரி படகுத்துறையில் நனைந்தபடி நிற்கிறார். எங்களிடம் இருப்பதோ ஒரே மீட்புப் படகு. எந்தப் பக்கம் அனுப்புவது? புது ரேடாரில் தெற்கே ஒரு மஞ்சள் புள்ளி. ‘படகாக இருக்கலாம், நூற்றுக்கு நாற்பது’ என்றது கருவி.

“அது மழை லா, தங்கச்சி,” என்றேன் ஜெகதீஸ்வரியிடம்.

“மழை காத்தோட போகும், அண்ணே. இது நீரோட்டத்தோட போகுது. மெஷின் விடாம அதையே பார்க்குது, பாருங்க!”

“நாற்பதை நம்பி யாராச்சும் போட் அனுப்புவாங்களா?”

சிரிக்கிறீர்கள்! அன்று நான் கத்தினேன். கருவி கத்தவில்லை, பார்த்தது. நாற்பது அறுபதானது! அறுபது எண்பதானது! எண்பது தொண்ணூற்று மூன்றானது! “அண்ணே!” என்று ஜெகதீஸ்வரி போட்ட சத்தத்தில் படகைத் தெற்கே அனுப்பினேன். கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார் சூசை. உயிரோடு!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! மறைத்துப் பார்த்த மழையே, முடிந்ததா உன்னால்? வென்றது எது? இயந்திரமா? அதற்குக் கற்பித்த நம் வீட்டுப் பெண்ணின் அறிவா? இரண்டும் சேர்ந்து வென்றன ஐயா, என் ஆணவத்தையும் சேர்த்து!

படகுத்துறையில் அன்னமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை நீங்க பார்த்தீங்க, அண்ணே,” என்று அழுதார். நான் வாய் திறக்கவில்லை. பத்திரிகை என் படத்தைப் போட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. இன்று பொன்னாடையும் போர்த்திவிட்டீர்கள். இதற்கு மேல் என்னால் முடியாது.

அன்னமேரி தங்கச்சி, கேளம்மா! உன் புருஷனை நான் பார்க்கவில்லை. மழை என்று துடைக்கப் பார்த்தேன். பார்த்தவர் அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜெகதீஸ்வரி, மேடைக்கு வாங்கம்மா. இந்தப் பொன்னாடை உங்கள் தோளுக்கு உரியது.

அவையோரே, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. என் வணக்கம் அவருக்கு!