சைரன் அடிக்கும் என்று போட்டிருந்தது

இத்தாலியின் பலெர்மோவில் பொய்யே பேசாத தமிழன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை. இங்கே கோப்பை கழுவுகிறவர்கள் எல்லோரும் ஊருக்குப் போகும் கடிதத்தில் ஹோட்டல் முகாமையாளர்கள்.

பெனடிக்ற் அண்ணை அதில் கெட்டிக்காரர். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் எசமானியம்மா வீட்டில் நான் சமையல், அவர் துப்புரவு. இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்தோம். மனைவி அற்புதமலருக்கு அவர் எழுதும் கடிதங்களில் நிலம் துடைத்ததே இல்லை.

“ஏன் அண்ணை உப்பிடிப் புளுகுறியள்?” என்று கேட்டேன்.

“அவள் அங்கை யாழ்ப்பாணத்திலை செல்லடிக்குள்ளை கிடக்கிறாள். என்ரை கஷ்டத்தையும் அவளின்ரை தலையிலை போடச் சொல்லுறியோடா? கலியாணம் கட்டு, விளங்கும்.”

ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

1995 ஓகஸ்ட்டில் சிஞ்ஞோரா விடுமுறைக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். புதுச் சட்டம் வரப்போகிறதாம். வந்தால் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது இங்கே தங்கும் அனுமதிக்கு, எங்களில் ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடுவாராம். அண்ணை நல்ல வேலைக்காரர். இரண்டு பிள்ளைகள் வேறு. ஆகவே யோசிக்க வேண்டியவன் நான்.

மூன்றாம் நாள் ஓய்வு. ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். இரு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். றப்பர் படகுகளில் வெள்ளைக்காரர் வீரிட்டுக்கொண்டு போனார்கள்.

“காசு குடுத்துப் பயப்பிடுறாங்கள். எங்களுக்குச் சும்மா கிடைச்சது,” என்றார் அண்ணை.

கரையில் ஒரு மஞ்சள் பலகை. மேலே அணை இருக்கிறது, எந்நேரமும் திறப்பார்கள், சைரன் அடித்தால் உடனே மேட்டுக்கு ஏறவும் என்று இத்தாலியனில் எழுதியிருந்தது. அண்ணைக்கு இத்தாலியன் வாசிக்க வராது.

“என்னவாம்?”

“சைரன் அடிக்குமாம்.”

“இஞ்சையுமோ! அடிச்சால்?”

“அடிச்சால் என்ன செய்யிறதெண்டு உங்களுக்குத் தெரியாதோ அண்ணை?”

அது கேள்வி. கேள்வி பொய்யாகாது.

அவருக்குத் தெரியும். குண்டு போடப் பொம்மர் வந்தால் அவருடைய ஊர்ச் சந்தியில் சைரன் ஊதுவார்களாம். பள்ளமாகப் பார்த்துக் குப்புற விழ வேண்டுமாம். போன மாதம் பல்லரோச் சந்தையில் யாரோ வெடி கொளுத்த, மனிதர் மீன்கடைப் பலகைக்குக் கீழே கிடந்தார்.

மலருக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்றேன். அவர் ஆற்றுக்குள் இறங்கி வெள்ளைக் கற்களுக்கு நடுவில் நின்றார். நான் மேட்டில் நின்றேன். முப்பத்தாறு படச் சுருள். ஆறுதலாக, ஒவ்வொன்றாக எடுத்தேன்.

இருபத்தேழாவது படத்தில் சைரன் அடித்தது. ஆற்றில் நின்றவர்கள் எல்லோரும் மேலே ஓடினார்கள். அண்ணை இரண்டு பெரிய கற்களுக்கு இடையில் குப்புற விழுந்தார். நான் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் அவர் தெரிந்தார். ஒரு தடவை தலையைத் தூக்கினார்.

“கஜன், நிக்காதை! விழுந்து படடா!”

என்னைக் காப்பாற்றத்தான் கத்தினார். தண்ணீர் வர நான்கு நிமிடம் எடுத்தது. அந்த நான்கு நிமிடத்திலும் நான் ஒரு பொய் சொல்லவில்லை.

பொலிஸ் கேட்டது. பலகை இருந்ததா? இருந்தது. அவர் பார்த்தாரா? பார்த்தார். விளக்கினாயா? சைரன் அடிக்கும் என்று சொன்னேன். தோளில் தட்டி அனுப்பினார்கள்.

சட்டம் வந்தது. சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டார். ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

தை மாதம் அண்ணையின் பெயருக்கு அற்புதமலரின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு வெளிக்கிட்டு, கிளிநொச்சிப் பக்கம் ஒரு மரத்துக்குக் கீழே பிள்ளைகளோடு இருக்கிறாராம். ‘உயிரோடை இருக்கிறியளோ எண்டு மட்டும் எழுதுங்கோ.’

நேரான கேள்வி. ஒரு சொல்லில் பதில் எழுதலாம். தாளை எடுத்தேன். அண்ணையின் எழுத்து இடப்பக்கம் சாயும். என் கையும் சாய்ந்தது.

‘அன்புள்ள மலர், நான் சுகமாக இருக்கிறேன். யோசிக்க வேண்டாம். ஆற்றடியில் எடுத்த படம் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். இப்போது எனக்குத் தனி அறை.’

கடைசி வரியில் பொய் இல்லை.