முதல் பூச்சு காயும்வரை

வாட்டர்கலர் கற்றுக்கொள்ள நாற்பத்துநாலு வயது ஒன்றும் அதிகமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். காந்திபுரத்தில் சனிக்கிழமை வகுப்பில் என்னைவிட மூத்தவர்களே இரண்டு பேர் இருந்தார்கள். வெள்ளை நிறத்தைப் பூசுவதில்லை, காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று ரிஃபத் மிஸ் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். முதல் பூச்சு காயும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் சேறாகிவிடும். நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். இருபது வருடம் குடும்பம் நடத்தியதும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் தம்பிதுரையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெருந்துறையில் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் முதன்முதலாக உருப்படியாகப் போட்ட கொய்யாப்பழப் படத்தை எடுத்து பைக் செயினைத் துடைத்தார். கேட்டதற்கு, தாள்தானே அம்மணி, இன்னொன்று வாங்கிக்கொள் என்று சிரித்தார். எனக்கு வயிறெரிந்தது. சோறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கிணற்றில் நீந்துவது அவர் வழக்கம். படிக்கட்டு சரிந்த பிறகு, மோட்டார் ரூம் தூணில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் மேலே வருவார். அன்று அவருக்கு முன்பே போய்க் கிணற்றைப் படம் போட உட்கார்ந்தேன். தொங்கிய கயிறு படத்துக்குக் குறுக்கே விழுந்தது. அவிழ்த்துச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் வைத்தேன். அவர் வந்தார், சட்டையைக் கழற்றினார், எப்போதும்போலப் பார்க்காமல் குதித்தார். சொல்ல வாய் வரத்தான் செய்தது. கையில் தூரிகை இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "லோகு, கயிறு எங்க? எடுத்துப் போடு."

"காயட்டுங்க, வாரேன்" என்றேன். கிணற்றுக்குள் எல்லாம் நன்றாகக் கேட்கும்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வழுக்கினார். பாசி. முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார். "காலு மரத்துப்போச்சு கண்ணு" என்றார். கல்யாணமான புதிதில்தான் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். மனசு ஆடிப்போனது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் பூச்சு ஈரமாக இருந்தது. ஐப்பசி மாதத்தில் காகிதம் லேசில் காயாது.

சத்தம் நின்ற பிறகு கயிற்றைப் பழையபடி கட்டிவிட்டு ஊரைக் கூப்பிட்டேன். எல்லோரும் நெஞ்சு அடைத்திருக்கும் என்றார்கள்.

அந்தப் படத்தை நீங்களே பார்த்தீர்கள். தண்ணீர் நடுவில் ஒரு வெள்ளை. வெளிச்சத்தை அழகாக விட்டிருக்கிறீர்கள் என்று ரிஃபத் மிஸ் பாராட்டினார். அது என் வீட்டுக்காரர் தலை இருந்த இடம். இப்போது பூவோ கோயிலோ எதைப் போட்டாலும் அவ்வளவு இடம் வெறுமையாகவே நிற்கிறது, வண்ணம் ஒட்டுவதில்லை. டம்ளரில் தூரிகையை முக்கினால் கண்ணு என்று கேட்கிறது. பயமாக இருக்கிறது, மேடம். அதனால்தான் நானாகவே வந்தேன்.

காயும்வரை காத்திருந்தேன் என்று காலையில் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதில் ஒரு திருத்தம். காகிதம் இரண்டு முறை காய்ந்தது. இரண்டு முறையும் நான்தான் தண்ணீர் தொட்டு நனைத்தேன். படம் நன்றாக வரட்டும் என்றுதான்.