ஒத்தச் சக்கரத்துல போன ஸாபிர்

அந்த வீடியோவைத்தானே சொன்னாங்க? சொல்லுவாங்க, சொல்லாம என்ன! முடி வெட்டுறவன் சொல்லியிருப்பான், மருந்துக் கடைக்காரர் சொல்லியிருப்பாரு, ரொட்டிக்கு வரிசையில நிக்கிற பொம்பளைங்க ஆளுக்கொரு வாட்டி சொல்லியிருப்பாங்க... நான்தான் மேல பால்கனியிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேனே, ஹாஜியாம்மா. வெங்காயம் வாங்கக் கயித்துக் கூடையை இறக்கினவ, உங்களைப் பாத்ததும் கூடையைப் பாதியிலயே தொங்க விட்டுட்டேன். வெளியூர் ஆளு, நல்ல அங்கி, கதவு கதவா நின்னு மெதுவாப் பேசுறாங்கன்னா மாப்பிள்ளை விசாரிக்க வந்தவங்கதானே? உக்காருங்க, உக்காருங்க. செருப்பைக் கழட்டாதீங்க, தரையெல்லாம் ஈரம். நானே போட்டுக்கிட்டுத்தான் திரியறேன் பாருங்க, இந்த ஆரஞ்சு ரப்பர் செருப்பை. மாமியார் வாங்கிக் கொடுத்தது. மேல மஞ்சப் பூ வேற! இந்த ஊர்லயே இதை வாங்க அவங்க ஒருத்தருக்குத்தான் மனசு வந்திருக்கும்... கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், அந்த ரூம்லதான் தூங்குறாங்க.

ஆமா, ஸாபிர் என் கூடப் பொறந்த தம்பி. அதனால நான் சொல்றதுல பாதிதான் நம்புவீங்க. பாதி போதும். உங்க அண்ணன் பொண்ணு ஹதீல்னா அவனுக்கு உசிரு. நீங்க இன்னிக்கு ஊருக்குப் போயி "இந்த எடம் வேணாம்"னு ஒரு வார்த்தை சொன்னா அதோட முடிஞ்சுது. தெரியும். அதான் இந்த முலூகியா கீரையைக்கூட ஆயாம வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்... இல்ல, ஆயறேன், ஆயறேன், கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது.

எனக்கு என்ன கோவம்னா அம்மா... பைக் வச்சிருந்தாலே காலிப்பயலா? கார்ல வர்றவரு இடிச்சுட்டா "பாவம், கவனிக்கல"ம்பாங்க. பைக்ல வர்றவன் ஹார்ன் அடிச்சாலே "வந்துட்டான் பாரு"ம்பாங்க. போலீஸ்காரரு நூறு வண்டியை விட்டுட்டு இவனைத்தான் ஓரங்கட்டுவாரு. இதே தெருவுல அர்த்த ஜாமத்துல எவளுக்காவது வலி எடுத்தா மட்டும், "டேய் ஸாபிர், வண்டியை எடுடா!" அப்ப மட்டும் பைக்குக்காரன் தங்கம்.

நீங்க மட்டும் என்னவாம்? கோச்சுக்காதீங்க. முக்குல ஒரு பைக்கு வந்துச்சுல்ல, நீங்க கைப்பையை நெஞ்சோட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு சுவரோட சுவரா ஒட்டுனீங்களே... வந்தது யாரு? மாப்பிள்ளை! அவனேதான்! பின்னாடி முட்டை அட்டை அடுக்கிக் கட்டியிருந்துச்சே, பாக்கலையா? கடை கடையா முட்டை போடுறான். ஒரு முட்டை கீறினதில்ல. அப்படி ஊர்ந்து போவான், பக்கத்து வீட்டு வாத்து அவனை முந்திக்கிட்டுப் போகும். நான் கண்ணால பாத்திருக்கேன்!

சேட்டைக்காரனுங்க இல்லேன்னு சொல்லல. இருக்கானுங்க, நாசமாப் போறவனுங்க. வியாழக்கெழமை சாயங்காலம் ஆனா, மறுநாள் லீவுல்ல, வாய்க்கால் ரோட்டுல நிக்க முடியாது. படுத்துக்கிட்டு ஓட்டுறவன், நின்னுக்கிட்டு ஓட்டுறவன்... போன வாரம் ஒருத்தன் ஈரல் ரொட்டி விக்கிற வண்டியில போய் மோதி, ஈரலெல்லாம் ரோட்டுல. தெருப் பூனைக்கெல்லாம் அன்னிக்குப் பெருநாள்! சரி, செய்யிறதையாவது ஒழுங்காச் செய்யிறானுங்களா? முன் சக்கரத்தைக் கையால இழுக்குறானுங்க! கையால இழுத்தா வருமா? கிளட்ச்சை விடுற நேரம் பாத்து உடம்பு பின்னால சாயணும், கால் பின் பிரேக்கு மேலயே இருக்கணும். தூக்குறது பெருசில்ல, பூ மாதிரி எறக்கத் தெரியணும்... என்ன அப்படிப் பாக்குறீங்க? தெருவுல பேசிக்கிறது காதுல விழாதா?

ரிதாஜ்! கண்ணு, அந்த மூடியை வாயில வைக்காதே! பாருங்க, ரெண்டு வயசு, இன்னும் "அம்மா" சரியா வரல, பாத்திர மூடியைச் சுத்திக்கிட்டு "ட்ர்ர்ர்"ங்குது. எங்க குடும்பமே அப்படி. வயக்காட்டுல எங்க அப்பாவுக்கு ஒரு பழைய பைக்கு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் எருமைப்பால் கேன் கட்டி, விடியக்காலையில சேத்துல ஓட்டிக்கிட்டு வந்து... அப்பாவா? அவரு எங்க ஓட்டினாரு, இடுப்பு வலிக்காரரு. டீ குடிங்க, ஆறுது.

சரி, அந்த வீடியோ எடுத்த கல்யாணத்துக்கு வர்றேன். ரவ்யான்னு என் சிநேகிதி, அவளுக்குத்தான் கல்யாணம், உங்களுக்குத் தெரியாது. அவ மாப்பிள்ளையோட கூட்டாளிங்க பைக்ல முன்னால வர்றதா ஏற்பாடு. இங்க பொண்ணு கார் சும்மா போகாதே! உங்க ஊர்லயும் அப்படித்தானே? முன்னால நாலு பைக்கு உறுமணும், ஒண்ணாவது ஒத்தச் சக்கரத்துல நிக்கணும், அப்பத்தான் அது கல்யாணம். ஆனா அன்னிக்கு அத்தனை பைக்கையும் போலீஸ் புடிச்சு வச்சிருச்சு. பொண்ணு கார் வாய்க்கால் ரோட்டுல, முன்னால ஒரு பைக்கு இல்லாம நிக்கிது. ரவ்யா அழுவுறா, கண் மையெல்லாம் கன்னத்துல. "என்னை என்ன ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறீங்க?"ங்குறா. மனசு கேக்குமா, சொல்லுங்க? ரோடு வேற காலி, பின்னால பூரா கல்யாண வண்டி, எதுத்தாப்புல ஒரு ஈ காக்கா இல்ல. ஓரமா ஸாபிர் பைக்கு நிக்கிது. அவன் சட்டை மேல போடுற தோல் கோட்டும் ஹெல்மெட்டும் அதுமேல. அவன் எங்க? அவன் பக்கத்துல விருந்து வீட்டுல சோடா பெட்டி தூக்கிக்கிட்டு...

அடடா.

ஆமா அம்மா. சரியாத்தான் கேட்டீங்க. அவன் சோடா பெட்டி தூக்கிக்கிட்டு இருந்தான்னா, பைக்கை ஓட்டினது யாரு?

இருங்க, அந்தக் கதவைச் சாத்திட்டு வர்றேன்... உங்க ஃபோன்ல அந்த வீடியோ இருக்குல்ல? இருக்கும், எல்லார்கிட்டயும் இருக்கு. போடுங்க. சத்தத்தைக் கொறைங்க, குலவைச் சத்தத்துல மாமியார் எந்திரிச்சுடுவாங்க! இந்தா வருது... பாலம் வரைக்கும் சக்கரம் தரையைத் தொடல, பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி எறங்குது, பாத்தீங்களா? இப்ப நிறுத்துங்க. ஊரே சக்கரத்தைப் பாத்துச்சு, நம்பர் பிளேட்டைப் பாத்துச்சு, கோட்டைப் பாத்துச்சு. ஒருத்தராவது காலைப் பாத்தாங்களா? பாருங்க.

இப்ப இங்க பாருங்க.

ஆமா, மஞ்சப் பூ! குதிகால் செருப்பு கடிச்சுதும்மா, அதான் கைப்பையில இதை வச்சுக்கிட்டுப் போயிருந்தேன். சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, ஆனா மெதுவா.

மறுநாள் காலையில எல்லாரும் ஸாபிரைப் புடிச்சுக்கிட்டாங்க. "ரவுடிப் பய", "இவனையெல்லாம் உள்ள போடணும்"னு என்னென்னமோ. எம் புருஷன் குவைத்துலேருந்து, "உன் தம்பி பலே ஆளா இருக்கானே!"ன்னு எழுதுறாரு. அவருக்கே தெரியாது! நான் அழுதுக்கிட்டே தம்பிகிட்டப் போயி, "நான் சொல்லிடுறேன்டா"ன்னேன். அவன், "வாயை மூடு. ஆம்பளைன்னா ரெண்டு நாள் திட்டுவாங்க, உன்னைன்னா ஆயுசுக்கும் பேசுவாங்க. எனக்கு முட்டைக்கு நேரமாச்சு"ன்னுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான் பேசினான். அன்னியிலேருந்து திட்டு வாங்கிக்கிட்டேதான் கடை கடையா முட்டை போடுறான். இன்னிக்கு நீங்க தெருத் தெருவா விசாரிக்கிறது அவனுக்கும் தெரியும். ஹதீல் போயிடுவாளோன்னு காலையிலேருந்து சோறு எறங்கல அவனுக்கு. அப்பவும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான் தாங்கல. நீங்க என்னைப் பத்தி என்ன வேணா நெனைச்சுக்குங்க. மாமியார்கிட்டச் சொல்லணும்னாலும் சொல்லுங்க, எழுப்பட்டுமா? அவனை மட்டும் வேணாம்னுடாதீங்க.

என்னம்மா, எந்திரிச்சுட்டீங்க? பையை எடுத்துட்டீங்க... என்ன முடிவுன்னு சொல்லிட்டுப் போங்கம்மா.

ஓ. கடைசி மினிபஸ்ஸா. போயிடுமா? வெள்ளிக்கெழமை பொண்ணோட அப்பாவும் வர்றாரா? இங்கயா! என்னம்மா இப்படிச் சாதாரணமாச் சொல்றீங்க, நான் குலவை போடவா வேணாமா? வேணாம், வேணாம், மாமியார்...

இருங்க, ஸாபிரைக் கூப்பிடுறேன், முட்டை போட்டுட்டு வந்து பைக்கைக் கீழதான் நிறுத்தியிருக்கான், பஸ் ஸ்டாண்டுல விட்டுடுவான். வேணாமா? ஏன்? ஆமா, நீங்க சொல்றதும் சரிதான், அவன் போற வேகத்துக்கு நாளைக்குக் காலை பஸ்ஸைத்தான் புடிக்கணும்.

அப்புறம் யாரு... நானா?

ரிதாஜ், வாடா தங்கம், பாட்டி ரூம்ல கொஞ்சம் படுத்துக்கோ, அம்மா இப்ப வந்துடுவேன். ஹெல்மெட்டை நீங்க போட்டுக்குங்கம்மா, இறுக்கிக் கட்டுங்க. என் இடுப்பைப் புடிச்சுக்குங்க. பயப்படாதீங்க, வல்லாஹி, சத்தியமா ரெண்டு சக்கரமும் தரையிலதான் இருக்கும்.

என்னது? பாலத்துகிட்ட மட்டும் தூக்கணுமா?

ஹாஜியாம்மா!