முக்குக் கடை வரைக்கும் ஓடுற வண்டி

ஏண்ணே, வண்டின்னு ஒண்ணு இருந்தா அது ஓடணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க. நிக்கிறதுக்கு எதுக்கு ரெண்டு சக்கரம், நாலு கால் போட்டு மேசையாவே செஞ்சிருக்கலாம்ல?

உக்காருங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. துணிய அந்தப் பக்கம் தள்ளிட்டு உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு குளிக்கப் போயிருக்காரு. அவரு குளிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ஒரு சட்டைக்குக் கையும் காலரும் வச்சிருவேன். அதனால நிதானமா சொல்றேன். வண்டி வாங்க வந்தவருகிட்ட எதையும் மறைக்கக் கூடாதில்ல? அவரு வந்தாருன்னா, "சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும் சார்"ம்பாரு. நான் அப்படி இல்ல. முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இத விக்க துளிகூட இஷ்டமில்ல. அதுக்காகப் பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க. நான் சொல்லப்போற குறை பூராவும் நெசம்.

காலையில ஒரே மிதி. ஒரே ஒரு மிதிதாண்ணே! டுப்பு டுப்புனு எந்திரிச்சிரும். தெருவுல மகாராசன் மாதிரி போகும். அந்தா, முக்குல மருந்துக்கடை தெரியுது பாருங்க, அதுவரைக்கும்தான். கடையத் தாண்டுச்சோ இல்லையோ... பொக். பொக் பொக். நின்னுரும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற பிள்ள மாதிரி.

ரோட்டுல ஒரு பொம்பள வண்டி நின்னா போதும், போறவரு வர்றவரு எல்லாரும் டாக்டராயிடுவாங்க. ஒருத்தரு சோக்க இழுங்கறாரு, ஒருத்தரு சோக்க இழுக்காதங்கறாரு. ஒருத்தரு வண்டியச் சாய்ச்சுப் பிடிங்கறாரு. சாய்ச்சா எம்பொண்ணு உருண்டு போயிருவா, அவ டேங்க் மேல உக்காந்திருக்கா! கடைசியில எல்லாரும் ஒரே கேள்விதான்: "பெட்ரோல் இருக்காம்மா?" எனக்கு வர்ற கோவத்துக்கு... மூடியத் தொறந்தே காட்டுவேன். "பாருங்க சார், முக்கா டேங்க்." புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, வண்டிக்கும் அலுப்புதான். அப்புறம் மூடிட்டு மிதிச்சா, ஸ்டார்ட்டு! கேள்வி கேட்டவரு என்னமோ தன்னோட கைராசின்னு நெனைச்சுக்கிட்டு மீசையத் தடவிக்கிட்டே போவாரு. மறுபடி கொஞ்ச தூரம். மறுபடி பொக்.

மெக்கானிக்கா? காட்டாமலா இருப்போம்! எங்க மெக்கானிக்க நாங்க பாட்டில்காரருன்னுதான் சொல்றது. ஐயோ, குடிக்கிறவரு இல்லண்ணே, தங்கமான மனுசன். எந்த வண்டி போனாலும் டேங்கக் கழட்டிக் கீழ வச்சிட்டு, ஒரு பாட்டில்ல பெட்ரோல ஊத்தி, மேல கட்டித் தொங்கவிட்டு, டியூப்பச் சொருகி ஓட்டிப் பாப்பாரு. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற மாதிரி. பாட்டில்ல ஓடும்ணே! பாட்டில் காலியாகற வரைக்கும் நின்ன இடத்துல உறுமும். என்னைப் பாத்து உறுமுற மாதிரியே இருக்கும். கார்ப்பரேட்டரக் கழட்டிக் கழுவினாரு, ஜெட்ட வாயில வச்சு ஊதினாரு, பிளக்க மாத்தினாரு. "கார்ப்பரேட்டர்ல அழுக்கும்மா." அடுத்த தடவ போனா, "டியூப்பு மடங்குதும்மா." அதுக்கடுத்த தடவ போனா, "வயசாயிடுச்சும்மா." யாருக்குன்னு கேட்டேன். அவரு அடுத்த வண்டிக்கு டேங்கக் கழட்டப் போயிட்டாரு.

எனக்கென்ன தோணுதுன்னா, வண்டிக்கு அவரப் பிடிச்சிருக்கு. எங்களத்தான் பிடிக்கல.

சிரிக்கிறீங்க. போன வாரம் ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல நின்னுச்சுண்ணே. முன்னாடி பாப்பா, பின்னாடி மூட்டை. ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்களுக்குச் சட்டை தச்சுக் குடுக்கிறேன், அந்த மூட்டை. பஸ்காரரு அடிச்ச ஹாரன்ல பாப்பா அழுத அழுகை இருக்கே... வீட்டுக்கு வந்தும் விக்கிக்கிட்டே இருந்தா. அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு, இனி இந்த வண்டி வாசல்ல நிக்கக் கூடாதுன்னு. கோவத்துல சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். பயந்து போயிச் சொன்னாரு. அதுக்கு என்னத்தப் பேசுறது?

ஆனா வண்டி போயிருச்சுன்னா மூட்டைய யாரு தூக்குறது? பஸ்ல ஏத்த மாட்டாங்க. தச்சத நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்கலன்னா தையலே கிடையாது, வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வேற வண்டி எப்போங்கன்னு கேட்டா, "பாக்கலாம்." இந்தப் "பாக்கலாம்" இருக்கே... எங்க வீட்டு ஜன்னலுக்குக் கொசுவலையும் "பாக்கலாம்"லதான் இருக்கு, பாப்பா பொறந்ததுலேருந்து.

அவர நம்பினா ஒண்ணும் நடக்காதுண்ணே. சமையல்கட்டுக் குழாய் ஒழுகுச்சு, "பாக்கலாம்"னாரு. நானே அந்தப் பசைய வாங்கியாந்தேன். ரெண்டு கலர்ல வருமே, ஒண்ணாப் பிசைஞ்சு ஒட்டினா கல்லாயிடுமே, அதேதான். குழாய அடைச்சேன். மேல தண்ணித் தொட்டிய அடைச்சேன். வாளி, பாப்பாவோட தண்ணி டப்பா... இந்த வீட்டுல ஓட்டைன்னு ஒண்ண நான் விட்டு வச்சதே கிடையாது.

என்னண்ணே எந்திரிச்சிட்டீங்க? டேங்க் மூடியத் தொறக்கணுமா? இந்தாங்க சாவி. அந்தப் பக்கமாத் திருப்புங்க... புஸ்! கேட்டுச்சா? இதத்தான் சொன்னேன்.

எதுக்கு மூடியத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? அதுவா, சாம்பல் கலர்ல இருக்கே, அது நான் அடைச்சது. நல்லா அடைச்சிருக்கேன்ல? மழையில வாசல்லயே நனைஞ்சு பெட்ரோல்ல தண்ணி கலந்துருச்சு. பாட்டில்காரரு வடிச்சு விட்டுட்டு, "மழையில விடாதீங்கம்மா"ன்னாரு. விடாம எங்க கொண்டுபோய் வைக்கிறது, கட்டில்லயா? நான் பாத்தேன், மூடிக்கு உள்பக்கம் ஊசி போற அளவுக்கு ஒரு ஓட்டை! மூடின்னு ஒண்ணு போட்டுட்டு அதுலயே ஓட்டை போட்ட புத்திசாலி யாருன்னு திட்டிக்கிட்டே ஒரு அப்பு அப்பினேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி இறங்கியிருக்கும்ங்கறீங்க?

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

காத்தா? எதுக்குக் காத்து? பெட்ரோல் கீழ இறங்கணும்னா... மேல காத்து உள்ள வரணும்... ம்... அப்போ அந்த ஓட்டை வேணும்னே வச்சதா?

இருங்க. இருங்கண்ணே. அப்போ நான் மூடியத் தொறந்து காட்டினப்பல்லாம் ஸ்டார்ட் ஆனது... அட, பாட்டில்ல ஓடுனதும் அதனாலதானா? பாட்டிலுக்கு ஏது மூடி! நான் அடைச்சது மழை விட்டப்போ. வண்டி நிக்க ஆரம்பிச்சதும்... ஐயய்யோ. இந்த ஒரு மாசமா பாட்டில்காரரு கழுவாத கழுவலு இல்ல, நான் திட்டாத ஆளு இல்ல!

மெதுவாப் பேசுங்க! தண்ணிச் சத்தம் நின்னுருச்சு. "என்னங்க? துண்டா? அலமாரியில ரெண்டாவது தட்டுல பாருங்க!" ... கிடைக்காது அவருக்கு. நமக்கு நேரமிருக்கு. இந்தாங்க ஊசி, தோள்லயே குத்தி வச்சிருப்பேன். வளையுதா? கல்லா வச்சிருக்கேனே, பாவி! இந்தக் கத்தரிக்கோல் முனைய விட்டு நெம்புங்க... ஆங்! வந்துருச்சு. ஊதுங்க. காத்து போகுதா? போகுது போகுது, என் விரல்ல படுது.

மூடிட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்கண்ணே. மருந்துக்கடையத் தாண்டிப் போங்க.

பாப்பா, வாசப்படியில ஏறி நின்னு பாருடி, மாமா கடையத் தாண்டிட்டாரா? தாண்டிட்டாரா! இன்னும் போறாரா? போறாரா... திரும்பி வருவாரில்ல? பேருகூடக் கேக்கலையேடி நானு... வர்றாரு, வர்றாரு. அப்பாடா!

பெட்ரோல் பங்க் வரைக்குமா போனீங்க? ஒரு தடவகூட நிக்கலையா? அடேயப்பா... அண்ணே, அந்தச் சிரிப்பு எனக்குப் புரியுது. அது வாங்கறவரோட சிரிப்பு. வேணாம்ணே. குறையெல்லாம் சொல்லி உங்கள ஓட்டிவிடலாம்னு உக்காந்தேன், கடைசியில குறையே இல்லாம ஆக்கிக் கையில குடுத்துட்டேன் பாருங்க, என் திறமைய என்ன சொல்ல!

செருப்புச் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. அவரு உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டாரு, மாத்திப் பேசுற ஆளு இல்ல. நீங்கதாண்ணே வேணாம்னு சொல்லணும். உயரம் சரியில்ல, கலர் பிடிக்கலன்னு ஏதாவது சொல்லுங்க. அப்புறம் போற போக்குல, ஏதோ அடைப்பு இருந்துச்சு, எடுத்து விட்டுட்டேன், இனி பயமில்லாம ஓட்டலாம்னு சொல்லிட்டுப் போங்க. அடைச்சது யாருங்கறத மட்டும் சொல்லிறாதீங்கண்ணே.