அடிக்காத அலாரம்

எழுத்தாளர்: ...முதல் வரியிலேயே நின்னுட்டா எப்படிம்மா? முழுசாப் படி.

மைத்துனி: படிச்சிட்டேன் மாமா. "ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. ஊர் எழுமுன் எழுந்தாள். ஒளி எழுமுன் எழுந்தாள். உழைப்பு அழைக்குமுன் எழுந்தாள்." பாதிக் கதைங்க இப்படித்தான் பல்லு விளக்கிட்டு ஆரம்பிக்குது.

எழுத்தாளர்: கிண்டலா?

மைத்துனி: புரூஃப் பார்க்கிறவ பொழைப்பே அதுதான். பன்னண்டு மணிக்குத் தொழிற்சங்கப் பத்திரிகை அச்சு மெஷினுக்குப் போகணும். நாளைக்குத் தையல் ஆலை வாசல்ல இதை வாசிக்கப் போறீங்க. கதவு எங்க மாமா?

எழுத்தாளர்: எந்தக் கதவு?

மைத்துனி: தீப்பிடிச்சப்போ பூட்டிக் கிடந்த கதவு. எங்க அக்கா தட்டித் தட்டிச் செத்த கதவு. அது மூணாம் பக்கத்துலதான் வருது. அதுவரைக்கும் தலை வாரறா, டப்பா கட்டறா, உங்க சட்டைக்குப் பட்டன் தைக்கறா...

எழுத்தாளர்: தைச்சாளே.

மைத்துனி: அன்னிக்கா?

எழுத்தாளர்: ...என்னிக்கோ. காலை முடிஞ்சா அவ வாசலைத் தாண்டிடுவாம்மா. தாண்டினா பஸ்ஸு... பஸ்ஸை விட்டு இறங்கினா ஆலை. அதான் கொஞ்ச நேரம் வீட்டுலயே வச்சிருக்கேன்.

மைத்துனி: ...புரியுது. ஆனா முதல் வரி பொய்.

எழுத்தாளர்: இருபது வருஷமா சங்க மேடையில உண்மையைப் பேசினவன் நான்.

மைத்துனி: மேடையில பேசினீங்க. உங்க வீட்டு அலாரக் கடிகாரம் எங்க?

எழுத்தாளர்: அலமாரியில...

மைத்துனி: என் ரூம்ல. பரீட்சைக்குப் படிக்கணும்னு தீப்பிடிச்சதுக்கு முந்தின வாரமே வாங்கிட்டுப் போனேன். இன்னும் திருப்பித் தரலை. அடிக்காத அலாரத்துக்கு அக்கா எப்படி எழுந்தா?

எழுத்தாளர்: கதையில ஒரு கடிகாரம்... அதுல என்ன வந்துச்சு இப்போ?

மைத்துனி: முதல் வரி பொய்னா, மூணாம் பக்கத்துப் பூட்டும் பொய்ம்பான் முதலாளி. கதவு திறந்துதான் இருந்துச்சுன்னு இப்பவே சொல்லிட்டுத் திரியறான்.

எழுத்தாளர்: ...எழுந்துக்கலைம்மா அவ.

மைத்துனி: ம்.

எழுத்தாளர்: உடம்பு கொதிச்சுது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு போர்வைக்குள்ள இருந்தே கேட்டா. ஏற்கெனவே ரெண்டு நாள் போகலை. மூணாவது நாளும் போகலைன்னா பேரை எடுத்துடுவாங்கன்னு... நான்தான் தோளைத் தட்டி எழுப்பினேன். தலைகூட வாரலை. அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு என்ன பேச்சு தெரியுமா? "ஓய்வு தொழிலாளியின் உரிமை." இதை எப்படிம்மா எழுதறது?

மைத்துனி: எனக்குத் தெரியும்.

எழுத்தாளர்: என்ன தெரியும்?

மைத்துனி: நீங்க எழுப்பினது. அக்கா பஸ் ஸ்டாப்புல இருந்து போன் பண்ணினா.

எழுத்தாளர்: உனக்கா? இத்தனை மாசமா ஒரு வார்த்தை...

மைத்துனி: நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்... அது மட்டும் இல்லை மாமா. "முடியலடி, வீட்டுக்கே திரும்பிடவா"ன்னு கேட்டா. நான்தான்... ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்துடுன்னு சொன்னேன்.

எழுத்தாளர்: ...பேனாவைக் குடு. எப்படி ஆரம்பிக்கட்டும்?

மைத்துனி: அலாரத்தை வெட்டிடுங்க. இப்படி எழுதுங்க: "அன்று அவளை அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிறுத்தியவர்கள் மூன்று பேர். அவர்களில் இருவர், அவளை நேசித்தவர்கள்."